மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளைக் கிழித்துப் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 72. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றுக்கும் பலதுறை மருந்தகத்தில் மருந்து வாங்குகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிப்பிசைட், ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிப்பின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டட்டின் என்று நான்கு மாத்திரைகள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் மாத்திரைகளை அடையாளம் கண்டுகொள்வார். போன தடவை கொடுத்த அம்லோடிப்பின் வேறு கம்பெனியுடையது. முன்பு எட்டு மூலையாக இருந்தது, இப்போது வட்டமாக வந்தது. டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்திருக்கிறார் என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருந்த பழையதையும் சேர்த்து ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். தலை சுற்றி, குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. பழையதை எடுத்துவிட்டோம், தலைசுற்றல் நின்றுவிட்டது.

இதற்கு முன்பே இன்னொன்று நடந்திருக்கிறது. அட்டோர்வாஸ்டட்டின் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அண்ணன் பிரித்து, அதிலிருந்த பக்க விளைவுகளை எல்லாம் ஒவ்வொன்றாக அம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறார். அன்று இரவிலிருந்து அம்மாவுக்குத் தொடை வலி. மூன்று வாரமாக அந்த மாத்திரையைத் தொடவில்லை. “டாக்டரிடம் சொல்லாதே, திட்டுவார்” என்கிறார். இனி இந்தத் தாள்களை எல்லாம் அம்மா கண்ணில் படாமல் கிழித்துப் போட்டுவிடலாமா? இல்லை, தமிழிலேயே தாள் கிடைக்குமா?

– செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாளைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் நாளைக் காலையில் செய்ய வேண்டியது.

அம்மா மருந்து வாங்கும் இடத்துக்குத் தொலைபேசியில் அழையுங்கள். இரண்டையும் சொல்லுங்கள்: அம்லோடிப்பின் ஐந்து நாள் இரட்டிப்பாகப் போனது, அட்டோர்வாஸ்டட்டின் மூன்று வாரமாக நின்றது. நிறுத்திய தேதி நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள். விட்டுப்போன நாள்களுக்காக மாத்திரையைக் கூட்டிச் சாப்பிடக் கூடாது. மறுபடி எப்போது தொடங்குவது, தசையைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். தொடை வலிப்பதோடு நிற்காமல் வலுவிழந்து போனாலோ, சிறுநீர் கோப்பி-ஓ (பால் கலக்காத கறுப்புக் காப்பி) நிறத்தில் போனாலோ, தொலைபேசியோடு நிறுத்தாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அது அரிதாகத்தான் வரும், ஆனால் வந்தால் காத்திருக்க முடியாது.

“டாக்டர் திட்டுவார்” என்று அம்மா சொல்வதை மருந்தாளரான நான் கவுண்டரில் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படி மறைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? அடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு ஏறியிருக்கும். அம்மா ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் ஏறியிருக்கிறது என்றுதான் டாக்டர் நினைப்பார். அம்மா சாப்பிடுவது 20 மில்லிகிராம் என்றால், அது போதவில்லை என்று 40 ஆக்குவார். இருபதுக்கே பயந்து நிறுத்தியவர் கையில் நாற்பது வந்து சேரும். நிறுத்தியதைச் சொல்வதில் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னால்தான் டாக்டருக்கு வேலை செய்யவே வழி இருக்கும்.

இப்போது தாள். கிழிக்காதீர்கள். அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்தும் வைக்காதீர்கள். தன் உடம்புக்குள் போகிற பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள அம்மாவுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்ததும் அல்ல. 1970ஆம் ஆண்டு அமெரிக்க செனட்டில் கருத்தடை மாத்திரை பற்றி விசாரணை நடந்தது. அந்த மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்று நிபுணர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேசினார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து, இதை ஏன் எங்களிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டுக் குரல் எழுப்பினார்கள். அதே ஆண்டில், கருத்தடை மாத்திரையோடு சாப்பிடுகிறவருக்கும் ஒரு தாள் தர வேண்டும் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. ஐரோப்பாவில் 1992இல் எல்லா மருந்துகளுக்கும் இப்படித் தாள் வேண்டும் என்று விதி வந்தது. அம்மாவின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்துக்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது.

ஆனால் அண்ணன் வாசித்த தாள் அம்மாவுக்காக எழுதியதாக இல்லாமலும் இருக்கலாம். இங்கே டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில், பல பெட்டிகளுக்குள் இருப்பது மருத்துவர்களுக்கான தகவல் தாள். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து, அடுக்கடுக்காகச் சோதனை முடிவுகள், மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்கும் என்ற கணக்கு எல்லாம் இருந்தால் அது டாக்டருக்கானது. நோயாளிக்கான தாள் வேறு. ‘இந்த மருந்து எதற்கு, எப்படிச் சாப்பிடுவது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது’ என்று கேள்வி பதில் போலப் போகும். முதல் வகைத் தாளை எடுத்து அம்மாவுக்கு வரி வரியாக மொழிபெயர்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? அண்ணன் அக்கறையோடுதான் செய்தார், கையில் கிடைத்த தாள்தான் தவறு.

நோயாளிக்கான தாளிலும் ஒரு சிக்கல் உண்டு. பக்க விளைவுகள் ‘மிகப் பரவலாக’, ‘பரவலாக’, ‘அரிதாக’ என்று பிரித்திருக்கும். இவை பேச்சு வழக்கில் நாம் சொல்லும் பொருளில் வரும் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ‘மிகப் பரவலாக’ என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல். ‘பரவலாக’ என்றால் நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. ‘அரிதாக’ என்றால் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ‘மிக அரிதாக’ என்றால் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. உங்கள் வீவக அடுக்குமாடிப் புளோக்கில் நூறு வீடு இருக்கிறது, வீட்டுக்கு ஒருவர் அட்டோர்வாஸ்டட்டின் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பரவலாக’ என்று எழுதிய பக்க விளைவு அதிகம் போனால் பத்து வீட்டில் வரும், தொண்ணூறு வீட்டில் வராது. அதே தாளில் அதற்குச் சில வரிகள் கீழே தசை சிதைவது பற்றி எழுதியிருக்கும். அது ‘அரிதாக’ என்ற வரிசையில் இருக்கும். அந்த ஒருவரைத் தேட உங்கள் புளோக் போதாது, அக்கம்பக்கத்துப் புளோக்குகள் எல்லாம் வேண்டும். அண்ணன் வாசித்தபோது இரண்டும் ஒரே மூச்சில், ஒரே குரலில் வந்திருக்கும். அம்மா காதில் இரண்டும் ஒரே எடையாகத்தான் விழுந்திருக்கும்.

அன்று இரவே வந்த தொடை வலியைப் பற்றி ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டது. இந்த ஸ்டட்டின் வகை மாத்திரைகளைப் பக்க விளைவு தாங்காமல் நிறுத்தியிருந்த 60 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வருடத்துக்கு 12 போத்தல். நான்கில் அட்டோர்வாஸ்டட்டின், நான்கில் அதே தோற்றத்தில் மருந்தே இல்லாத மாத்திரை, நான்கு வெறும் போத்தல். மாதத்துக்கு ஒன்றாக, வரிசை கலைத்துக் கொடுத்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர்கள் தினமும் கைத்தொலைபேசியில் பதிய வேண்டும். ஸ்டட்டின் சாப்பிட்ட மாதங்களில் கூடியிருந்த தொந்தரவில் 90 விழுக்காடு, மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் வந்திருந்தது. தங்கள் முடிவைத் தாங்களே பார்த்த பிறகு, பாதிப் பேர் மறுபடியும் மாத்திரையைத் தொடங்கினார்கள்.

இதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய் “வலி உங்கள் கற்பனை” என்று சொல்லிவிடாதீர்கள். வலி உண்மை. மருந்தில்லாத மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கும் வலித்தது உண்மைதான். ‘வரும், வரும்’ என்ற எதிர்பார்ப்பும் உடம்பில் வலியாக இறங்கும் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறது. மருந்தால் தசை வலி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அம்மா இதில் எந்தப் பக்கம் என்று நானோ நீங்களோ இங்கிருந்து சொல்ல முடியாது. டாக்டரிடம் போகச் சொல்வது அதனால்தான்.

தாள் பயமுறுத்தும் என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. தாள் கிடைக்காததால் பயந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ரத்தக் கொதிப்புக்காக லிசினோப்ரில் தொடங்கினார்கள். சில வாரத்தில் வறட்டு இருமல். இரண்டு மாதம் இருமல் மருந்தாக வாங்கிக் குடித்தார், காசநோயோ என்று ராத்திரி தூக்கம் போனது. அந்த மாத்திரையால் வறட்டு இருமல் வருவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எல்லாரும் என்றால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்கு. மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் இருமல் போய்விடும். ‘விடாத வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லவும்’ என்று தமிழில் ஒரே ஒரு வரி அவர் கையில் இருந்திருந்தால் அந்த இரண்டு மாதம் அவருக்கு மிஞ்சியிருக்கும். இன்னொரு பாட்டி, மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், மலத்தில் முழு மாத்திரை வருகிறது என்று நடுங்கிப்போய் வந்தார். மருந்து உடம்பில் சேர்ந்த பிறகு வெறும் கூடு வெளியே வருவது அந்த மாத்திரையில் இயல்பு. அதுவும் ஒரு வரிதான்.

வாயால் சொல்லிவிட்டோமே என்று எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிக்கு உடனேயே மறந்துவிடுகிறது என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. எண் எப்போது கூப்பிடும் என்று திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, கூப்பிட்டதும் பதறி எழுந்து வருகிற 72 வயது அம்மாவிடம், அவருக்குப் பழக்கமில்லாத மொழியில், இரண்டு நிமிடத்தில் சொன்னால் எவ்வளவு நிற்கும்? வீட்டுக்குப் போய், இரவு எட்டு மணிக்கு, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். தாள்தான் இருக்கும்.

அதேசமயம், எந்தத் தாளுக்கும் தெரியாத விஷயங்கள் சில நம் வீடுகளில் உண்டு. அம்மா ஆடி வெள்ளி விரதம் இருப்பவரா, கந்த சஷ்டிக்கு ஆறு நாள் ஒரு வேளை மட்டும் சாப்பிடுபவரா? கிளிப்பிசைட்டைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிடச் சொல்லியிருப்பார்கள். மாத்திரையைப் போட்டுவிட்டு விரதம் என்று சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, கிளிப்பிசைட் சேர்ந்தால் கூடும். விரத நாளில் எந்த மாத்திரையை விடுவது, எதைத் தொடர்வது என்று விரதத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். “விரதம் இருக்காதீர்கள்” என்று சொல்லிவிடுவார்களோ என்று பலர் கேட்பதே இல்லை. கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வழி சொல்லியிருக்கிறோம்.

ஊரிலிருந்து வரும் மாத்திரை அட்டை அடுத்தது. ஊருக்குப் போன இடத்தில் மருந்து தீர்ந்து அங்கே வாங்கியதோ, சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்ததோ, முக்கால்வாசி வீட்டில் ஒரு அட்டையாவது கிடக்கிறது. கிளைக்கோமெட் என்பது மெட்ஃபார்மின்தான். ஆனால் கிளைக்கோமெட் ஜிபி என்று இருந்தால் அதற்குள் கிளிமெப்பிரைடும் கலந்திருக்கிறது, அது கிளிப்பிசைட்டின் குடும்பம். அதையும் போட்டு, இங்கே கொடுத்த கிளிப்பிசைட்டையும் போட்டால், அம்லோடிப்பினில் நடந்தது சர்க்கரை மருந்தில் நடக்கும். இன்னும் மோசமாக நடக்கும். டோலோ 650, பனடோல் இரண்டும் பாராசிட்டமால்தான். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு இன்னொன்று என்று போடுகிறார்கள். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச வரம்பு. பனடோல் 500 மில்லிகிராம் என்றால் எட்டு மாத்திரை. இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

சரி, தமிழில் தாள் கிடைக்குமா? மருந்துக்கு மருந்து, இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் வாய் திறந்து கேளுங்கள்: “இந்த மருந்துக்குத் தமிழில் தாள் இருக்கிறதா? லேபிளைத் தமிழில் அடித்துத் தர முடியுமா?” இல்லை என்றால், தமிழ் பேசும் ஊழியர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். யாரும் கேட்காத தாளை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். ஹெல்த்ஹப் என்ற சுகாதார இணையத்தளத்திலும் மருந்துகளைப் பற்றி நோயாளிகளுக்காக எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் தாளை விட அவை அண்ணனுக்கு நல்ல பாடம். வீட்டருகே உள்ள தனியார் கிளினிக்கில் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அங்கே மாத்திரை பெரும்பாலும் சின்ன பிளாஸ்டிக் பையில்தான் வரும், தாளே இருக்காது. பையின் மேல் மருந்தின் பெயரும் சாப்பிடும் முறையும் இருக்கும், அதற்கு மேல் வேண்டுமென்றால் நாம்தான் கேட்க வேண்டும்.

எதுவும் கிடைக்காவிட்டாலும் நீங்களே அம்மாவுக்கு ஒரு தாள் எழுதலாம். எழுதச் சொல்லி நான் வற்புறுத்துவேன். ஒரே ஒரு ஏ4 தாள், பெரிய எழுத்து. மருந்தின் பெயரை லேபிளில் உள்ளபடியே ஆங்கிலத்திலும் எழுதுங்கள், பக்கத்தில் தமிழிலும் எழுதுங்கள். ‘சர்க்கரை மாத்திரை’ என்று மட்டும் எழுதினால், 995க்கு அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் அன்று அங்கிருக்கும் டாக்டருக்கு அது உதவாது. எதற்காக, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை மாத்திரை. ‘இரண்டு வேளை’ என்று எழுத வேண்டாம், ‘காலை 1, இரவு 1’ என்று எழுதுங்கள். வேளை என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறார்கள். ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி. எதற்காக உடனே உங்களுக்குத் தொலைபேச வேண்டும் என்று ஒரு வரி. கைத்தொலைபேசி மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். எழுதியதை மருந்தாளர் ஒருவர் ஒரு முறை பார்க்கட்டும்.

வடிவத்தை எழுதலாமா? அம்மா வடிவத்தை வைத்துத்தான் பார்க்கிறார் என்பதால் எழுதத்தான் வேண்டும். ஆனால் கம்பெனி மாறும்போது வடிவமும் மாறும், மருந்து அதேதான் என்பதை அம்மா மனத்தில் பதிய வையுங்கள். புதுப் பை வீட்டுக்கு வந்தவுடன் பழைய மிச்சத்தைத் தனியே எடுத்துவிட்டு, மாத்திரை ஒன்றைத் தாளில் அந்தந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் ‘எட்டு மூலை’ என்பதை அடித்துவிட்டு ‘வட்டம்’ என்று எழுதி, தேதி போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

எழுதி முடித்ததும் நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள். அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு, “இரவு எதைச் சாப்பிடுவீர்கள், எதற்காக?” என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் குறை நீங்கள் எழுதிய விதத்தில் இருக்கிறது. அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.

அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அண்ணனையும் கூட்டிப் போங்கள். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், ஊரிலிருந்து வந்ததையும் விடாமல், ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அண்ணனைப் பயமுறுத்திய அந்தத் தாளையும் கொண்டு போகச் சொல்லுங்கள். எந்தெந்த வரி என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கட்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வது கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவரின் வேலை.